தபோல் கணக்கில் கேட்காமல் விட்ட கேள்வி

பி.காம். தேர்வில் முதலீட்டுத் திட்டக் கணக்கு ஒன்று எப்படியும் வந்துவிடும். முதலீடு இவ்வளவு, ஆண்டுதோறும் வரும் பணம் இவ்வளவு, தள்ளுபடி விகிதம் 10 சதவீதம். திட்டத்தை ஏற்கலாமா, கூடாதா? மாணவர் பெருக்கி, கூட்டி, கழித்து "ஏற்கலாம்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். ஆண்டுதோறும் அந்தப் பணம் வரும் என்று சொன்னது யார்? வராவிட்டால் யார் தலையில் விழும்? இதை வினாத்தாள் கேட்பதில்லை. பெரிய திட்டங்கள் பல கவிழ்வது இந்த இடத்தில்தான்.

மகாராஷ்டிரத்தின் தபோல் மின் நிலையம் இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவின் என்ரான் நிறுவனம், ஜெனரல் எலெக்ட்ரிக், பெக்டெல் ஆகியவற்றோடு சேர்ந்து ரத்னகிரி மாவட்டக் கடற்கரையில் தொடங்கிய திட்டம் அது. 1993 டிசம்பரில் மாநில மின்வாரியம் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டது. மின்சாரம் தேவைப்படாவிட்டாலும் நிலையத்தின் திறனுக்கான கட்டணத்தை வாரியம் கட்ட வேண்டும். டாலரும் எரிபொருளும் ஏறினால் கட்டணமும் ஏறும். வாரியம் கட்டத் தவறினால் மாநில அரசு பொறுப்பு. முதல் கட்டத்துக்கு மத்திய அரசின் உத்தரவாதமும் உண்டு.

நிறுவனத்தின் பக்கம் நின்று கணக்குப் போட்டால், இடரே இல்லாத திட்டம்! ஆனால் பொருளாதார ரீதியாக இது சரிவராது என்று உலக வங்கி 1993-லேயே கடன் தர மறுத்திருந்தது.

அப்போது ஒரு டாலர் சுமார் 31 ரூபாய். 2001-ல் சுமார் 47 ரூபாய். 740 மெகாவாட் கொண்ட முதல் கட்டம் 1999-ல் நாப்தாவில் ஓடத் தொடங்கியது. அடுத்து கச்சா எண்ணெய் விலையும் ஏறியது. 2001 மே மாதம் வாரியம் மின்சாரம் வாங்குவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது. நிலையம் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. இந்திய வங்கிகள் கொடுத்த கடனும் அதில் சிக்கிக்கொண்டது. 2005-ல் என்டிபிசி, கெயில் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று.

இங்கே இயந்திரம் தோற்கவில்லை, ஒப்பந்தம் தோற்றது. ஆகவே "இதெல்லாம் பொறியாளர் வேலை" என்று வணிகவியல் துறை ஒதுங்கிக்கொள்ள முடியாது. உத்தரவாதம் இடரை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தாங்க முடியாதவர் தலையில் ஏற்றிய சுமை, ஏற்றியவர் மீதே திரும்ப விழும்.

நீடித்த தன்மை என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது. பல வகுப்பறைகளில் அதற்கு மரம் நடுதல், இரத்த தான முகாம் என்றுதான் அர்த்தம். தபோலில் நிலம், தண்ணீர், மீன்வளம் பற்றி ஊர் மக்கள் 1990-களிலேயே போராடினார்கள். கடலும் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அங்குள்ள எரிவாயு முனையம் 2013-ல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அலைத்தடுப்புச் சுவர் முடியாததால் அதன் பிறகும் பல ஆண்டுகள் மழைக்காலத்தில் கப்பல் வர முடியவில்லை. சுற்றுச்சூழல் என்று தனி அத்தியாயத்தில் தள்ளிவைத்த விஷயம், கடைசியில் வரவு செலவில்தான் வந்து நின்றது.

இதைக் கற்றுத்தரப் புதிய பாடநூல் தேவையில்லை. ஒரு திட்டத்தின் ஒப்பந்தத்தை மாணவர்கள் கையில் கொடுத்து, ஒருவர் வங்கி அதிகாரியாகவும், ஒருவர் மின்வாரியமாகவும், ஒருவர் மீனவராகவும் வாசிக்கச் சொன்னால் போதும். ஒரே பக்கத்தில் மூவரும் மூன்று வேறு இடர்களைக் காட்டுவார்கள். அருகில் ஏதேனும் ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அங்கே ஒரு நாள் உட்கார வைக்கலாம்.

2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் நீடித்த தன்மை பற்றிய அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் விதி. அந்த அறிக்கையை எழுதப்போவதும் நாளை கடன் கோப்பில் கையெழுத்திடப்போவதும் இன்றைய மாணவர்கள்தான். கேட்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டால், விலையை மின்கட்டணமாகவும் வாராக்கடனாகவும் கொடுப்பது ஊர் மக்கள்.

வினாத்தாளில் ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம்: "இந்தப் பணம் வராவிட்டால் யார் கொடுப்பார்கள்?" அதற்கும் 5 மதிப்பெண் உண்டு என்றால், மாணவர்கள் படித்துவிடுவார்கள்!