சூளைக்கு இடம் எங்கே?

கைவினைஞரும் வடிவமைப்பாளரும் பொதுமக்களும் கூடிப் பயிலும் கற்றல் மையம் ஒன்று வேண்டும் என்கிறார்கள். நன்று, யார் மறுப்பார்? ஆயின், அத்தகைய மையத்திற்கெனத் தீட்டப்பட்ட வரைபடம் ஒன்றை அண்மையில் கண்டேன். வரவேற்புக் கூடம், கண்ணாடிப் பேழைகள், கருத்தரங்க அறை, விற்பனைக் கூடம் எல்லாம் இருந்தன. சூளையைத்தான் காணவில்லை! சூளையில்லா இடத்தில் குயவர் எதைக் கற்பிப்பார்?

மலேசியாவில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் இன்றும் பானை வனைகின்றன. பொங்கலுக்குப் பானையும் தீபாவளிக்கு அகலும் வேண்டும்போது அவர்களை நினைக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். பள்ளிப் பொங்கல் விழாவிலோ, மேடையோரம் சக்கரத்தை வைத்துப் பத்து நிமிடம் சுற்றிக் காட்டச் சொல்கிறோம். மாணவர் படம் பிடித்துக்கொள்வர், குயவருக்குப் பொன்னாடை. இதற்குப் பெயர் கல்வியா? கல்வியன்று, காட்சி.

அந்தப் பத்து நிமிடத்தில் எது தெரிந்துவிடும்? உருண்டை அடியுள்ள பானையைச் சக்கரம் மட்டுமே முடித்துவிடுவதில்லை. நம் மரபில் வாயும் கழுத்தும் உடலும் சக்கரத்தில் எழும். சற்று உலர்ந்தபின், உள்ளே கல்லை அணைத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவர். பதம் முந்தினால் தொய்யும், பிந்தினால் விரியும். ஈரம் போகாமல் சூளையில் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பானையைப் பிளக்கும். இப்பதத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்காது, விரல்தான் கற்பிக்கும்.

வடிவமைப்பாளர் வேண்டாம் என்பதன்று என் வாதம். உருண்டை அடி நெருப்பைச் சீராக வாங்கும். ஆனால், அடுக்குமாடி வீட்டு எரிவாயு அடுப்பில் அது நிலையாக அமர்வதில்லை. மின்காந்த அடுப்போ மண்ணைச் சூடேற்றவே செய்யாது. அடியை மாற்றுவதா, தாங்கி ஒன்று செய்வதா? இதற்குக் குயவரின் கை வேண்டும். வடிவமைப்பாளரின் கணக்கு வேண்டும். நாள்தோறும் சமைப்பவரின் சொல்லும் வேண்டும். மூவரும் கூடவேண்டிய இடம் இதுவன்றோ? மாறாக, ஒருவர் வரைந்து மற்றவர் வனையும் ஏற்பாடு கூலி வேலையே, கூட்டு முயற்சியன்று.

1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்ற அது வழிகோலியது. அவ்வறிக்கை வியந்து போற்றிய பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் செம்பு! தனியொருவர் வரையாமல், தலைமுறைகளின் கைகளில் தேறிய வடிவம் அது. வெளியார் வியந்ததை நாம் பேழைக்குள் பூட்டலாமா?

“புகை வருமே, மண் சிந்துமே, தேர்வு நெருங்குகிறதே” என்பார் சிலர். ஆசிரியப் பெருமக்களே, ஆய்வுக்கூடத்தில் அமிலம் சிந்துகிறதே என்று வேதியியலை நிறுத்திவிட்டோமா? இன்னொன்றும் சொல்லவேண்டும். கருத்தரங்கில் பேசுவோர்க்கு மதிப்பூதியம் உண்டு. சக்கரத்தருகே அமர்வோர்க்குத் தேநீரும் நன்றியும். தந்தைக்குக் கிடைக்கும் இம்மதிப்பைக் கண்ட மகன் மண்ணைத் தொடுவானா? சம்பளமும் பாடத்திட்டத்தில் சொல்லுரிமையும் உள்ள ஆசிரியராகவே குயவர் அங்கு அமர வேண்டும்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு முதலில் அவர் முற்றத்திற்குச் செல்லுங்கள். காற்று எப்புறம் வீசும், புகை எங்கே போகும், பச்சைப் பானை உலர எவ்வளவு நிழல் வேண்டும் என்று கேட்டுக் குறித்து வாருங்கள். வரவேற்புக் கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.