புதியவர் கையில் முதலில் எதைக் கொடுப்பது?

வருடா வருடம் ஜூன், ஜூலை வந்தால் சரவணம்பட்டி, விளாங்குறிச்சி, பீளமேடு என்று கோவையின் மென்பொருள் அலுவலகங்களுக்குப் புதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், பெருந்துறை பக்கத்தில் வளர்ந்து இங்கேயே படித்தவர்கள் அதில் நிறையப் பேர். ஒரு காலத்தில் நேர்முகத் தேர்வில் ஜாவா தெரியுமா, எஸ்.க்யூ.எல். தெரியுமா என்று மட்டும் கேட்டோம். இப்போது அஜைல் தெரியுமா என்பதும் சேர்ந்துகொண்டது. ‘தெரியுங்க’ என்கிறார்கள். பொய்யில்லை. ஸ்பிரின்ட் என்றால் என்ன, ஸ்க்ரம் மாஸ்டரின் வேலை என்ன, ஸ்டோரி பாயின்ட் ஏன் 5-க்கு அடுத்து 8-க்குத் தாவுகிறது என்று எதைக் கேட்டாலும் தட்டுத் தடங்கல் இல்லாமல் பதில் வருகிறது.

மூன்று மாதம் கழித்து அவர்களுடைய பலகையைப் பார்த்தால் வேறு கதை. முதல் ஸ்பிரின்ட்டில் டேட்டாபேஸ், இரண்டாவதில் ஏ.பி.ஐ., மூன்றாவதில் திரை, நான்காவதில் டெஸ்டிங். பழைய வாட்டர்ஃபால் முறையையே இரண்டிரண்டு வாரமாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நின்று பேசுகிறார்கள், ரெட்ரோ தவறாமல் நடக்கிறது, ஜிராவில் டிக்கெட்டுகள் வலப்பக்கம் நகர்ந்தபடி இருக்கின்றன. எட்டு வாரம் ஆகியும், பயன்படுத்தப் போகிறவர் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

இதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட முடியாது. எதை முதலில் சொல்லித்தருவது என்ற வரிசையை வகுத்தவர்கள் நாம். கூட்டங்களின் பெயரில் ஆரம்பிக்கிறோம், அடுத்து பொறுப்புகளின் பெயர், அடுத்து ஜிரா. வேலையை எப்படித் துண்டாக்குவது, ஒரு துண்டை எப்படிக் கடைசிவரை கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுத்து அவர் முகத்தைப் பார்ப்பது என்பதற்குப் பயிற்சியில் நேரம் மிஞ்சுவதே இல்லை. அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது இந்த உரையின் வாதம். மற்றவை தானாகப் பின்னால் வரும். வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் எழுதிய ஸ்க்ரம் கையேடு முதலில் 2010-இல் வந்தது. கடைசியாகத் திருத்தப்பட்டது 2020 நவம்பரில். மொத்தமே பதினான்கு பக்கத்துக்குள் அடங்கிவிடும், இலவசமாகவும் கிடைக்கிறது. அதில் யூசர் ஸ்டோரி என்ற பேச்சே கிடையாது. ஸ்டோரி பாயின்ட் கிடையாது, வெலாசிட்டி கிடையாது. ‘நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை’ என்று நாம் காலையில் ஒப்பிக்கச் சொல்கிற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அப்படியானால் மிச்சம் என்ன? ஒரு மாதத்துக்கு மேல் போகாத ஒரு கால அளவு, அதன் முடிவில் பயன்படுத்தத் தக்க ஒரு பொருள், அதைப் பார்ப்பவர்களிடம் காட்டி அடுத்ததை மாற்றிக்கொள்வது. நம் வகுப்புகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இந்த மிச்சம்தான்.

மூலத்தில் இருப்பது ஒன்று, வகுப்பில் பரவுவது ஒன்று என்பது புதிதல்ல. வாட்டர்ஃபாலைக் கண்டுபிடித்தவர் என்று வகுப்புகளில் திட்டு வாங்கும் வின்ஸ்டன் ராய்ஸ் கூட, 1970 கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்த கையோடு, இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதியிருக்கிறார். படம் மட்டும் பரவியது. 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டகேயுச்சியும் நோனாகாவும் ரக்பி ஆட்டத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்க்ரம் என்ற பெயருக்கு வேர் அதுதான். அவர்கள் பார்த்தது நகல் எடுக்கும் இயந்திரமும் கேமராவும் காரும் செய்த குழுக்களை. மென்பொருள் கதை அதற்குப் பிறகுதான். பம்பும் மோட்டாரும் தறியும் செய்கிற ஊர்க்காரர்கள் இதை வெளிநாட்டுச் சரக்கென்று தள்ளிநின்று பார்க்க வேண்டியதில்லை. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடி அஜைல் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட 17 பேரில் ஒருவரான மார்ட்டின் ஃபவுலர் இருக்கும் தாட்வொர்க்ஸ் நிறுவனத்துக்கு இன்று கோவையிலும் அலுவலகம் இருக்கிறது.

சரி, துண்டாக்குவதை எப்படிச் சொல்லித்தருவது? பயிற்சிக்கு எல்லோரும் எடுத்துக்கொள்வது உணவு டெலிவரி செயலி, அல்லது நூலக மேலாண்மை. இரண்டையும் விட்டுவிடலாம். பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்த செயலியை அப்படியே நகல் எடுப்பார்கள். யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய தேவையே வராது. கோபி பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பட்டுப்புழு வளர்ப்பவருக்கு ஒரு செயலி செய்யச் சொல்லுங்கள்.

ஏன் பட்டுப்புழு? மஞ்சளை எடுத்தால் வைகாசி, ஆனியில் நட்டு தை, மாசியில்தான் வெட்டு. அதை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மண்டிக்குக் கொண்டுபோய் விலை தெரிவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். பட்டுப்புழுவில் இளம்புழு மனைக்கு வந்து இறங்கியதிலிருந்து கூடு எடுக்கும்வரை ஏறத்தாழ மூன்றரை வாரம். கூட்டை அங்காடிக்குக் கொண்டுபோன அன்றைக்கே அந்த பேட்ச்சின் தரத்துக்கு விலையாகப் பதில் கிடைத்துவிடுகிறது. ஆண்டுக்கு எட்டு, பத்து பேட்ச் எடுப்பவர்கள் உண்டு. செயலியை அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும் அந்தச் சுற்றுக்குள் இடம் இருக்கிறது. ஐந்தாம் பருவத்தில், புழு இலையை வெறிகொண்டு தின்னும் நாட்களில் மட்டும் போய் நிற்காதீர்கள். வாங்க என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்காது.

பயிற்சியைக் கொடுத்தால் முதல் பட்டியல் அநேகமாக இப்படித்தான் வரும்: விவசாயியின் பதிவுப் பக்கம், ஓ.டி.பி., கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது, முகப்புப் பலகை, அறிக்கைகள், கடைசியில் கூட்டு விலை. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் புழு வளர்ப்பவருக்கு வேண்டியது கடைசி வரியில் கிடக்கிறது. இரண்டு மாதம் அவர் ஓ.டி.பி.யை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நிறுத்தி, ‘முதல் இரண்டு வாரத்தில் அவர் போனில் ஏதாவது ஒன்று வேலை செய்ய வேண்டும், அது என்ன?’ என்று கேளுங்கள். முணுமுணுப்பு வரும். டேட்டாபேஸ் இல்லாமல் எப்படிங்க என்பார்கள். ஒரே ஒரு பக்கம் போதும்: இன்றைய தேதி, ஒரே ஒரு அங்காடியின் வெண்கூட்டு விலை. பதிவு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். விலையைத் தினமும் குழுவில் ஒருவர் கையால் தட்டி ஏற்றினாலும் பரவாயில்லை. அசிங்கமாக இருக்கும். ஆனால் அது திரையிலிருந்து சர்வர்வரை எல்லா அடுக்கையும் தொட்டு வந்த ஒரு முழுத் துண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் பேசலாம்.

பேசினால்தான் தெரியும் விஷயங்கள் இருக்கின்றன. ஒரே அங்காடியின் விலை அவருக்கு உதவாது. தர்மபுரியிலும் கர்நாடகத்து ராமநகரத்திலும் என்ன விலை ஓடுகிறது என்று பார்த்துத்தான் வண்டி எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பார். ஆக இரண்டாவது துண்டு அது. பேட்ச் கணக்கை எழுதச் சொன்னால் இன்னொன்று வெளிவரும்: மனையில் நின்று மல்பெரி இலை போடுவதும், எத்தனை புழு நோயில் போயிற்று என்று கண்ணால் பார்ப்பதும் பல வீடுகளில் பெண்கள். போன் இருப்பதோ வீட்டுக்காரர் சட்டைப்பையில். யார் பதிவு செய்வார்கள் என்று நீங்கள் எழுதிய ஸ்டோரியின் முதல் வரியே அங்கே ஆடிப்போகும். ஆறு மாதம் கழித்துத் தெரிவதற்கும் நான்காவது வாரத்தில் தெரிவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர் தன் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு ஸ்பிரின்ட் ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்று யாரும் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டாம்.

பெரிய அளவில் இதன் மறுபக்கத்தை நாடே பார்த்தது. 2021 ஜூன் 7-ஆம் தேதி வருமான வரித் துறையின் புதிய இணையதளம் திறந்தபோது, அதற்கு முந்தைய ஆறு நாளும் பழைய தளம் மூடிக் கிடந்தது. திறந்த முதல் நாளிலிருந்தே குறைகள். கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியை டிசம்பர் 31 வரை தள்ள வேண்டியதாயிற்று. உள்ளே எந்த முறையில் வேலை நடந்தது என்பது நம் விவாதமில்லை. நாடு முழுக்க வரி கட்டுகிறவர்கள் கைக்குப் புதிய தளம் ஒரே காலையில் மொத்தமாகப் போனது. பழையதற்குத் திரும்ப வழியில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும், ஏனென்றால் வீட்டில் யாராவது ஒருவர் அந்த ஜூனில் ஆடிட்டரிடம் கத்தியிருப்பார்.

இனி காலைக் கூட்டம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர் கேட்டால் ‘முடியலை’ என்று வாயில் வராது. வளர்ப்பு அப்படி.

‘அந்த பேமென்ட் திரை என்னாச்சு அம்மணி?’

‘ஆயிருச்சுங்கண்ணா. டெஸ்டிங் மட்டுந்தாங்க இருக்குது.’

லீட் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போகிறார். இங்கே ஆனது எதுவுமில்லை. அந்தப் பெண் மூன்று நாளாக ஒரு பிழையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சம். அவரை ‘தைரியமாப் பேசு’ என்று உசுப்பிப் பயனில்லை. கேள்வியை மாற்ற வேண்டும். எதெல்லாம் முடிந்தால் ‘முடிந்தது’ என்று சொல்லலாம் என்ற பட்டியலைக் குழு முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், ‘ஆயிருச்சா’ என்பதற்குப் பதில் பட்டியலைப் பார்த்து வரும், முகத்தைப் பார்த்து அல்ல. ஆள் ஆளாகக் கேட்பதை விட்டுவிட்டு, பலகையில் வலது கோடியில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து ஆரம்பித்து, இது முடிய இன்னும் என்ன தடை என்று கேட்டால் பேச்சு வேலையைப் பற்றியதாகிவிடும். அந்தப் பதினைந்து நிமிடம் வேலை செய்பவர்களுக்கானது என்று ஸ்க்ரம் கையேடும் சொல்கிறது; அது மேலாளருக்கான வருகைப் பதிவு அல்ல. ஒரு வாரம் லீட் அந்தக் கூட்டத்துக்குப் போகாமலே இருந்து பாருங்கள். முதல் இரண்டு நாள் பேச்சே இருக்காது. மூன்றாம் நாள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவார்கள்.

ஸ்டோரி பாயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தானே கண்டுபிடித்திருக்கக்கூடும், அப்படியென்றால் வருந்துகிறேன் என்ற பொருள்பட ரான் ஜெஃப்ரிஸே எழுதிவிட்டார். ஸ்னோபேர்டில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு குழுவின் வெலாசிட்டியை அடுத்த குழுவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட ஆரம்பித்தால், அடுத்த மாதமே 3 எல்லாம் 5 ஆகிவிடும். புதியவர்தான் அந்த வித்தையை முதலில் கற்றுக்கொள்வார்.

சான்றிதழுக்கும் நாம் எதிரி அல்ல. பி.எஸ்.எம்.-1 (புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) தேர்வில் 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கையேட்டை ஊன்றிப் படித்தவர் வகுப்புக்குப் போகாமலே எழுதலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது கதவைத் திறக்கும் என்பதும் உண்மை. இரண்டு மூன்று ஸ்பிரின்ட் பார்த்த பிறகு எழுதினால் கேள்விகளுக்கு அர்த்தம் புரியும், அவ்வளவுதான். இன்னொன்று: சப்போர்ட் குழுவில் போடப்பட்ட புதியவரிடம் ஸ்பிரின்ட்டைத் திணிக்காதீர்கள். எந்த நேரம் எந்தப் புகார் வரும் என்று தெரியாத இடத்தில் இரண்டு வாரத் திட்டம் முதல் நாளிலேயே பழசாகிவிடும். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ வழியில் வந்த கான்பானும், ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற வரம்பும் அங்கே போதும்.

கடினமான இடம் குழுவுக்கு வெளியே இருக்கிறது. கொங்கு வட்டாரத்துச் சிறு மென்பொருள் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள், ஈரோட்டு வியாபாரிகள், கோவை ஆலைக்காரர்கள். அவர்கள் கேட்பது இரண்டே: ‘மொத்தம் எவ்வளவுங்க? எப்பத் தருவீங்க?’ மாற்றத்தை வரவேற்க வேண்டும் என்று வகுப்பில் படித்த பிள்ளை, நூறு பக்கத் தேவைப் பட்டியலில் வாடிக்கையாளர் கையெழுத்து வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் ஒப்பந்தத்துக்குள் வந்து விழுகிறது. படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று என்று ஆறு மாதத்தில் நம்பிக்கை போய்விடுகிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பதில் பலவீனமானது.

ஆனால் திருப்பூர்க்காரருக்கு அவர் தொழிலை வைத்தே சொல்லலாம். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் என்று ஒவ்வொன்றாக பையரிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல் அவர் ஒரு நாளும் மொத்தத் துணிக்குக் கட்டிங் போடமாட்டார். தன் சரக்குக்கு அத்தனை சாம்பிள் கேட்கிறவர், ஸ்டாக் மென்பொருளுக்கு மட்டும் ஏன் ஒரே தவணையில் மொத்தத்தையும் வாங்க நினைக்கிறார்? கேட்டுப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் எளிது: துண்டு துண்டாக வாங்கினால் தொகை ஏறிக்கொண்டே போகும் என்ற பயம். நியாயமான பயம். ஆகவே ஒப்பந்தத்தில் தொகைக்கும் தேதிக்கும் உச்ச வரம்பு இருக்கட்டும். எது முதலில் வேண்டும், எதைக் கைவிடலாம் என்பதை மட்டும் மாதா மாதம் அவர் மாற்றிக்கொள்ளட்டும். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு ஒன்று வெளியே போகும் என்பதை முதல் கூட்டத்திலேயே, தமிழில், எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் புதியவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பேச வேண்டாம், கேட்கட்டும்.

வருகிற ஜூலையில் சேர்பவர்களுக்கு முதல் ஸ்பிரின்ட்டிலேயே ஒரு சின்ன ஸ்டோரியை முழுசாகக் கொடுத்துவிடுவோம். திரை, சர்வர், டெஸ்ட், வெளியீடு எல்லாம் அவர் பொறுப்பு. சீனியர் ஒருவர் பக்கத்தில் இருப்பார், கீபோர்டைத் தொடமாட்டார். ரிவ்யூவில் அவரே காட்டுவார், லீட் குறுக்கே பேசமாட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தால் விழிக்கட்டும். அந்தக் கேள்வி அடுத்த திட்டமிடலுக்குள் பேக்லாக்கில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம்.