சாலை வந்தது, வருமானம் வந்ததா?

2000-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் தொடங்கியது பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்பதே அரசின் கணக்கு. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற பொருளியலாளர்கள் வேறுவிதமாக அளந்தார்கள். மக்கள்தொகை 500 அல்லது 1000-ஐச் சற்றே தாண்டியதால் முன்னுரிமை பெற்ற ஊர்களை, சற்றே குறைந்ததால் காத்திருந்த ஊர்களோடு ஒப்பிட்டார்கள். 2020-இல் வெளியான முடிவு: சாலை வந்து நான்கு ஆண்டுகளாகியும் விளைச்சலிலோ வருமானத்திலோ பெரிய மாற்றமில்லை, ஆட்கள்தாம் வயலை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள். ஆனால், சாலை வந்த ஊர்களில் நடுநிலைப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் கூடினார்கள் என்கிறது மற்றோர் ஆய்வு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. இத்திட்டம் சாலை போடும், பேருந்து விடாது. வண்டி இல்லாத வீட்டு மூதாட்டிக்கு மருத்துவமனை இன்றும் அதே தூரத்தில்தான் இருக்கிறது.