கூடாரமும் நிலமும்

கற்ற கல்வி பிறர் துயர் துடைக்க உதவுதல் வேண்டுமென மேடைதோறும் பேசுகின்றோம். வகுப்பறையிலோ புள்ளிக்காகவே கற்பிக்கின்றோம். இவ்விடைவெளியை எண்ணி வருந்தும் எனக்கு, அமெரிக்க நாட்டிலே கலிபோர்ணியா மாநிலத்துச் சன் பெர்னாண்டோ உயர்தரப் பாடசாலை மாணவியர் பன்னிருவர் செய்த முயற்சி மிக்க மகிழ்ச்சியளித்தது.

தம் ஊர்த் தெருக்களில் வீடற்றோர் தொகை பெருகிவருதலை அவர்கள் கண்டனர். தாமும் வருவாய் குறைந்த குடும்பத்தினராதலின், பொருள் கொடுக்க இயலாதவர் அறிவைக் கொடுக்க முற்பட்டனர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சார்ந்த லெமெல்சன் திட்டம் 10,000 டொலர் நல்கியது. தையலும் பற்றாசு வைத்தலும் கணினி நிரலாக்கமும் முயன்று கற்று, சூரிய ஒளியால் மின்பெறும் கூடாரமொன்றை அமைத்தனர். மடித்தால் அது முதுகிற் சுமக்கும் பையாகும், விரித்தால் உறைவிடமாகும், உள்ளே விளக்கெரியும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றலாம். 2017 யூன் மாதத்தில் அதனை அந்நிறுவகத்திற் காட்சிப்படுத்தினர்.

"கூடாரம் வீடாகுமா?" எனச் சிலர் வினவுவர். ஆகாது. ஆயின், அவ்வினாவைச் சிறுமியரிடம் விடுத்தல் முறையன்று. அவர்தம் நாட்டுப் பெரியோரிடமே விடுத்தல் வேண்டும். ஒறிகன் மாநிலத்துக் கிறான்ற்ஸ் பாஸ் நகரம், பொதுவிடங்களிற் படுக்கை விரித்துத் தங்குவோர்க்குத் தண்டம் விதித்தது; மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்வோர் 30 நாள் வரை சிறைப்படவும் நேரக்கூடியதாயிருந்தது. அத்தகைய சட்டத்தை நடைமுறைப்படுத்தல் கொடுந் தண்டனையாகாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 2024 யூன் 28 அன்று தீர்ப்பளித்தது. நீதியரசர் அறுவர் உடன்பட்டனர், மூவர் மறுத்தனர். கூடாரம் எத்துணைச் சிறந்ததாயினும், அதனை விரிக்க ஆறடி நிலம் வேண்டுமன்றோ?

மணிமேகலை அமுதசுரபியால் சிறையிலிருந்தோர் பசி தீர்த்ததோடு அமைந்தாளல்லள்; அரசனை வேண்டி அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள். கலம் ஒருவர் கையில் அமையலாம். கோட்டம் ஆள்வோர் மனம் வைத்தாலன்றி அமையாது. அப்பன்னிருவரும் கலத்தைத் தந்துவிட்டனர்.

ஆதலால், நம் மாணவர்க்குக் கருவி செய்யும் திறனை மட்டும் பயிற்றுதல் போதாது. ஆள்வோர் முன் நின்று அறத்தைக் கேட்கும் துணிவையும் பயிற்றுதல் ஆசிரியராகிய எம் கடனாகும்.