ஜெபக் குறிப்பு ஊருக்கெல்லாம் எதற்கு?

ஸ்வீடன் நாட்டின் ஆல்செடா சபையில் ஊழியம் செய்த பெண் ஒருவர், திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் சபையாருக்கு உதவட்டும் என்று 1998-ல் வீட்டுக் கணினியிலேயே சில இணையப் பக்கங்களை உருவாக்கினார். உடன் ஊழியர்கள் 18 பேரைப் பற்றிச் சற்று வேடிக்கையாகவே எழுதினார். ஒருவருக்குக் காலில் அடிபட்டதால் அரைநேர வேலைதான் பார்க்கிறார் என்பதும் அதில் ஒரு வரி. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததுமே பக்கங்களை எடுத்துவிட்டார். ஆனாலும் வழக்கு வந்தது. 4,000 குரோனர் அபராதமும் வந்தது. கால் காயமும் உடல்நலத் தகவல்தான் என்று 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயராலேயே லிண்ட்குவிஸ்ட் வழக்கு என்று இது சட்ட உலகில் பேர்பெற்றது.

கால் காயத்துக்கே இப்படி.

நம் திருச்சபைகளின் இணையதளங்களில் 'ஜெப விண்ணப்பம்' பகுதிக்கு வருபவை இதைவிடக் கனமானவை. கர்ப்பப்பைக் கட்டி, கணவரின் குடி, தீராத கடன், மகளின் விவாகரத்து. பல வேளைகளில் எழுதுவது தாய், விஷயம் மகளுடையது. மகளைக் கேட்டிருக்க மாட்டார்கள். அது பெயரோடு பக்கத்தில் ஏறினால், நாளை வரன் பார்க்கிறவர்கள் கைபேசியில் தேடும்போதும் கிடைக்கும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் ஜெபக் குறிப்பு கோயிலில் இருப்பவர்கள் காதோடு போகும். இணையத்தில் ஏறியதற்கு அந்த எல்லை இல்லை.

எருசலேமின் மேற்குச் சுவரில் செருகப்படும் வேண்டுதல் சீட்டுகளை எவரும் வாசிப்பதில்லை. ஆண்டுக்கு இருமுறை திரட்டி ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். 2008-ல் ஒபாமா வைத்த சீட்டை ஒருவர் உருவியெடுக்க, இஸ்ரேலியப் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. அந்நாட்டிலேயே கடும் கண்டனம் எழுந்தது.

பலர் சேர்ந்து ஜெபிக்கத்தானே பகிர்கிறோம் என்பார்கள். நியாயமே. ஆனால் 'சுகவீனமாயிருக்கும் ஒரு சகோதரிக்காக' என்றால் போதாதா? பெயரும் நோயும் தெருவும் ஆண்டவருக்குத் தெரியாதவையா?

செய்ய வேண்டியவை எளியவை. விண்ணப்பம் போதகருக்கும் மன்றாட்டு ஜெபக் குழுவில் இரண்டு மூன்று பேருக்கும் மட்டுமே போகட்டும். வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பக் கூடாது. பிறருக்காக எழுதுபவரிடம், அந்தப் பிறரின் சம்மதம் உண்டா என்று கேட்க வேண்டும். விண்ணப்பித்தவரின் தொலைபேசி எண் காணிக்கைப் பட்டியலுக்குப் போகக் கூடாது. சம்மதம், அழிக்கக் கோரும் உரிமை இரண்டையும் 2023-ம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பேசுகிறது.

ஒன்றில் மட்டும் ரகசியம் காக்கலாகாது. குழந்தைமேல் பாலியல் வன்முறை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். தற்கொலை எண்ணம் தெரிந்தால், ஜெபத்தோடு நிற்காமல் உடனே அவரோடு பேசி, 14416 என்ற அரசு உதவி எண்ணையும் தர வேண்டும்.

இணையதளத்தில் பெயரோடு கிடக்கும் பழைய விண்ணப்பங்களைச் சபைக் கமிட்டிகள் இந்த வாரமே நீக்கட்டும்.