குளியலறைக்கும் வேண்டும் புகைபோக்கி

பொள்ளாச்சியில் எங்கள் அப்பாரு வீட்டுச் செம்பு பாய்லர் பின்வாசலில்தான் இருந்தது. தேங்காய்த் தொட்டி எரியும். புகை நடுக்குழாய் வழியே மேலே போய்விடும். இன்று கோவையில் வீடு கட்டுகிறவர்கள் பலர் கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டி, ஜன்னலையும் கண்ணாடியால் அடைத்துவிடுகிறார்கள். காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். கிரானைட்டுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் சுவரில் ஒரு துளைக்குப் பார்க்கிறார்கள்!

கீசரை வெளிச்சுவரில் மாட்டுங்கள். முடியாதென்றால் புகைக்குழாய் உள்ள கீசராக வாங்கி, குழாயை வெளியே விடுங்கள். பழைய பாய்லர்க்காரர்கள் குழாய்க் கரியை அவ்வப்போது தட்டிவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்கிற பிளம்பரை நான் நம்பமாட்டேன். அடைத்த அறையில் அது குழாய்ப் புகையையே உள்ளே இழுத்துவிடும்.