வேலி நிற்கட்டும், வளவு விளையட்டும்

2022 ஜூனில், வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரச ஊழியருக்கு விடுமுறை கொடுத்தது இலங்கை அரசாங்கம். பொருளாதார நெருக்கடி தணிந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. பஞ்சம் வந்தால் மட்டும் தோட்டத்தை நினைக்கும் இந்தப் போக்கு யாழ்ப்பாணத்துக்கு ஆகாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் உரமும் நீர்ப்பம்பிக்கு மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்கான ஏ9 பாதை மூடப்பட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. வெளியிலிருந்து வரும் உணவையும் உரத்தையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நாம் பட்டே அறிந்தோம்.

இதற்கு வழி நமது வளவிலேயே உண்டு. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி வளவை அமைப்பதே, 1978இல் அவுஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹொல்ம்கிரனும் நூலாக்கிய பேர்மாகல்ச்சர். நமது கதியால் வேலியும் அதைத்தான் செய்தது. கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் எல்லை காத்தன. ஆட்டுக்குக் குழை தந்தன. வெட்டிய குழை ஆட்டெருவோடு பாத்தியில் தாழ்ந்து பசளையானது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போனது.

இன்று வேலி நின்ற இடத்தில் மதில். முற்றம் முழுதும் சீமெந்து. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர். அந்த மழையை நாமே தெருவுக்கு விரட்டுகிறோம். அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து, பல கிணறுகளில் நைட்ரேட்டு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியிருக்கிறது.

இரண்டு பரப்புக் காணியில் ஒரு குடும்பத்துக்கு நெல் விளையாது என்பது உண்மை. ஆனால் முருங்கை, கத்தரி, பயிற்றை, பச்சைமிளகாய், கீரை, மரவள்ளி, கோழிமுட்டை ஆகியவற்றுக்குச் சந்தையை எதிர்பார்க்கத் தேவையில்லை. நாம் கேட்கும் தன்னிறைவு இதுதான். ஆண்டுதோறும் வேலி அடைக்க ஆளில்லை என்பதும் நியாயமே. மதில் கட்டியவர்கள் அதன் உட்புறமாகவாவது கதியால் நடலாம்.

உள்ளூராட்சி சபைகள் வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது, வளவில் ஒரு பங்கு சீமெந்து படாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இட வேண்டும். சேகரிக்கும் உக்கும் குப்பையைக் கூட்டெருவாக்கி வீடுகளுக்கே திருப்பித் தர வேண்டும். மாகாண விவசாயத் திணைக்களம் ஐப்பசி மழைக்கு முன்பே விதையும் கதியாலும் வழங்க வேண்டும். அடுத்த நெருக்கடி வந்தபின் கொத்தத் தொடங்கினால் அறுவடைக்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். இந்த மாரியிலேயே தொடங்குவோம்.